வெள்ளைப் பூ வந்த லேப்டாப்

எங்கள் வீட்டு லேப்டாப்பின் கீழ் வரிசையில் இருக்கும் அந்த நீளமான பட்டனில், வலது ஓரமாக ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும் பளபளவென்று மெருகேறியிருக்கிறது. மற்ற பட்டன்களெல்லாம் கடையிலிருந்து வந்தபோது எப்படி மங்கலாக இருந்தனவோ அப்படியே இருக்கின்றன. துடைக்கும்போது என் கை அந்த இடத்துக்கு வந்ததும் சற்று நின்றுவிடும். அங்கே தேய்த்தது யார் விரல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த விரலுக்குள் இருந்த பலம் யாருடையது என்பதில்தான் குழப்பம். மாமா போன பிறகு அந்தக் குழப்பத்தை அவரிடம் கேட்டுத் தீர்த்துக்கொள்ளவும் வழியில்லை.

மாமா என்றால் என் மாமனார். பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வரும் பேருந்துகளில் பயணிகள் விட்டுப்போகும் செய்தித்தாள்களைக் கண்டக்டர்கள் அவர் மேசையில் கொண்டுவந்து போடுவார்களாம். ஒரே பத்திரிகையின் நாலு ஊர்ப் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து, சேலத்துக்காரனுக்கு முதல் பக்கத்தில் வந்த செய்தி நம் ஊர்க்காரனுக்கு ஏன் உள்ளே போனது என்று ஆராய்வார். இப்படி ஒரு பைத்தியம் உண்டா என்று கல்யாணமான புதிதில் நான் நினைத்ததுண்டு. ஓய்வு பெற்ற பிறகும் காலையில் பேருந்து நிலையத்துக்குப் போய் அந்தத் தாள்களை வாங்கிக்கொண்டு வேங்கிக்கால் வீட்டுக்கு வருவார். அவருக்கு அது சாப்பாட்டுக்கு முந்திய காரியம்.

வாதம் வந்து வலது கை விழுந்தபோது பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, நடைக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனது செய்தித்தாள்தான். அவ்வளவு பெரிய தாளை ஒற்றைக் கையால் திருப்பிப் பாருங்கள், தெரியும். பக்கம் திருப்பினால் நடுவில் மடங்கும், மடிப்பைச் சரிசெய்தால் அடியில் நழுவும். விசிறிக்காற்று வேறு. அத்தை, அதாவது என் மாமியார், எடுத்துப் பிடித்துக்கொண்டால், மாமா படித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். ஒருவரை நிற்க வைத்துப் படிக்க மாமாவுக்குக் கூசியது. போனில் பாருங்கள் என்று கொடுத்தால், எழுத்து எறும்பாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒருநாள் அவரே சொன்னார், இன்டர்நெட்டில் பேப்பர் படிக்கிற அளவுக்கு ஒரு சின்ன லேப்டாப் போதும், விலை ஜாஸ்தி வேண்டாம், ஆனால் இடது கையால் நானே தூக்குகிற மாதிரி இருக்க வேண்டும் என்று. யாரையும் கூப்பிடாமல் படிக்க வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை.

வாங்கித் தருகிற பொறுப்பு எனக்கு வந்தது. கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வேலை பார்ப்பவளுக்குக் கம்ப்யூட்டர் எல்லாம் அத்துப்படி என்று வீட்டில் ஒரு நம்பிக்கை. ஆபீஸில் கேட்டேன். ஒருவர் மெமரி முக்கியம் என்றார், இன்னொருவர் அதெல்லாம் இல்லை, பேட்டரிதான் என்றார். மலிவாக வாங்கினால் குப்பையில் போடுவீர்கள் என்றார் ஒரு மேடம். ஓசூரில் வேலை செய்யும் என் கணவர் போனில், எல்லா வேலையும் செய்கிற மாதிரி ஒன்றை எடு, நாளைக்கு எதற்காவது ஆகும் என்றார். நானும் இணையத்தில் தேடிப் பார்த்தேன். ஒருவன் ஆகா என்று புகழ்ந்ததை அடுத்தவன் அதற்குக் கீழேயே திட்டியிருந்தான். படிக்கப் படிக்கத் தலை சுற்றியதே தவிர, ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. செய்தித்தாள் படிக்க ஒரு பெட்டி வாங்க இத்தனை படிக்க வேண்டுமா என்று எரிச்சலாக வந்தது.

கடைசியில் மாமா, அத்தை, நான் மூவருமாக ஆட்டோ பிடித்து டவுனில் ஒரு கடைக்குப் போனோம். கடைப்பெண் இரண்டை எடுத்து வைத்தாள். ஏறக்குறைய ஒரே விலை. ஒன்று மெலிசு, தட்டு மாதிரி. இன்டர்நெட் பார்க்கப் போதும், வேறு பெரிய வேலைக்கு ஆகாது என்று அவளே நேர்மையாகச் சொன்னாள். இன்னொன்று எல்லாம் செய்யும், ஆனால் கனம். மாமா மெலிசை இடது கையால் தூக்கிக்கொண்டு கண்ணாடிக் கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். கனமானதைத் தூக்கியபோது அது ஒரு பக்கமாகச் சரிந்தது, அந்தப் பெண் ஓடிவந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இதைப் பார்த்துக்கொண்டே நின்ற அத்தை, அந்தக் கனமானதையே எடுங்கள் என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனைக்கும் அத்தை எதிலும் பிடிவாதம் பிடிக்கிறவர் அல்ல. ஏன் என்று கேட்டால், பெரிசுதான் நல்லது, அவ்வளவுதான். மாமாவும் விடவில்லை. கடைக்காரர்கள் எங்களையே பார்க்க, எதையும் வாங்காமல் வெளியே வந்தோம்.

அடி அண்ணாமலைக் கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று ஆரம்பித்தது அத்தைதான். அது அவர் பிறந்த ஊர். வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து, எது எதற்கு என்று மனதில் நினைத்துக்கொண்டு, சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. பெண் பார்க்க, வீடு வாங்க என்று எங்கள் பக்கத்தில் கேட்பதுண்டு. லேப்டாப் வாங்கக் கேட்டவர்கள் நாங்களாகத்தான் இருக்கும். படித்தவள் நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் யாராவது, சாமியாவது, எனக்குப் பதிலாக முடிவெடுத்தால் போதும் என்றிருந்தது எனக்கு. சிவப்பு வந்தால் கனமானது, வெள்ளை வந்தால் மெலிசு என்று பேசிக்கொண்டோம். அத்தை கண்ணை மூடி வெகுநேரம் நின்றார். குருக்கள் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை நந்தியாவட்டை.

மாமா சிரித்தார். அத்தை அழுதார். பிரகாரத்தில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். ஒரு லேப்டாப்புக்கா இப்படி அழுவார்கள் என்று நான் திகைத்துப்போய், வேண்டுமானால் பெரிசையே வாங்கிவிடலாம் என்றேன். அப்போதுதான் அத்தை சொன்னார்.

"நான் லேப்டாப்பக் கேக்கலம்மா. இவரு கை திரும்ப வருமான்னு கேட்டேன். வரும்னா செவப்பு குடுன்னு கேட்டேன்."

அப்புறம்தான் எனக்குக் கடையில் நடந்தது விளங்கியது. ஒற்றைக் கைக்கு ஏற்ற பொருளை வாங்கி வீட்டில் வைத்துவிட்டால், மற்றக் கை இனி இல்லை என்று நாமே ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று அத்தை பயந்திருக்கிறார். கனமானதை வாங்கினால் இரண்டு கையும் வந்துதானே ஆக வேண்டும். இந்தக் கணக்கு எந்த ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் இல்லை. மாமா சிரமப்பட்டு அத்தை பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ ஒண்ணு கேட்ட, நான் ஒண்ணு கேட்டேன். ஒரே பூவுல ரெண்டு பேருக்கும் எப்படி பதில் வரும்? வந்தது எனக்கு. உனக்கு இன்னும் சொல்லல, அவ்வளவுதான்."

மெலிசையே வாங்கினோம். மறுநாள் காலையிலேயே மாமா அதைத் தன் கையால் எடுத்துக்கொண்டு வாசல் பக்கத்து மேசைக்குப் போனார், யாரையும் கூப்பிடவில்லை. நாலு ஊர்ப் பதிப்பும் அதில் வந்தது. பேருந்து நிலையமே வீட்டுக்கு வந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டார். அந்த நீளமான பட்டனைத் தட்டினால் பக்கம் கீழே இறங்கும் என்று நான் ஒருநாள் சும்மா சொல்லிவைத்தேன். அத்தை அதைப் பிடித்துக்கொண்டார். காலையில் மாமாவின் வலது கைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, துடைத்து, கட்டைவிரலை அந்தப் பட்டன் மேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்துக்கொள்வார். மாமா "ம்" என்றால் அமுங்கும், பக்கம் இறங்கும். யாரையும் உட்கார வைக்காமல் படிக்கத்தான் அதை வாங்கினோம். கடைசியில் அத்தை தினமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மாமா அதற்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாமாதான் அமுக்குகிறார் என்று அத்தை சொல்வார். அத்தை இல்லாத சமயத்தில் மாமா என்னிடம், "அது அசையலம்மா. அவதான் அமுக்குறா. சொல்லிடாத" என்றார்.

ஒருநாள் அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்து அத்தை எழுந்து ஓடினார். மாமாவின் வலது கை பட்டன் மேல் அப்படியே இருந்தது, இடது கையில் காபி டம்ளர். நான் ஆபீஸுக்குக் கிளம்பி, செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். பக்கம் கீழே இறங்கியது. கண்ணால் பார்த்தேன். மாமா என்றேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மெஷின் கோளாறு என்றார். கை தன் கனத்தில் அமுங்கியிருக்கலாம். அல்லது நிஜமாகவே அசைந்து, அத்தைக்கு ஆசை காட்டி ஏமாற்றக் கூடாது என்று மறைத்தாரா? கொஞ்ச நாளில் அவர் மறுபடி படுத்தார். பிறகு எழவில்லை.

போன வாரம் லேப்டாப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மனம் கேட்காமல் அத்தையிடம் இதைச் சொல்லிவிட்டேன். அழுவார் என்று நினைத்தேன்.

"பால் பொங்கின அன்னைக்குத்தானே? நானும் சமையக்கட்டுலேருந்து பாத்தேன்" என்றார். ஏன் மாமாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "அசைஞ்சத நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சா, அப்புறம் என்னை எழுந்து போகச் சொல்லிடுவாரு."

இப்போதும் காலையில் அத்தை அதைத் திறந்து அதே மேசையில் வைத்துக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, நாலு ஊர்ச் செய்தியையும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார். பக்கம் இறக்க அந்த நீளமான பட்டனின் இடது ஓரத்தைத்தான் தட்டுகிறார். நானும் துடைக்கும்போது வலது ஓரத்தை விட்டுவிட்டுத் துடைக்கப் பழகிக்கொண்டேன்.