கோட்டின் மேல் வளர்ந்தது

பிளாஸ்டிக் தட்டில், கிருமி வளர்க்கும் கூழின் மேல், ஆங்கிலச் ‘சி’ எழுத்துப் போல வரிசையாக நாலு கோடு. கண் புண்ணிலிருந்து சுரண்டி எடுத்ததைப் பரிசோதனைக் கூடத்தில் அப்படித்தான் இழுப்போம். கோட்டின் மேல் கிருமி முளைத்தால் கண்ணிலிருந்து வந்தது. வெளியே முளைத்தால் காற்றில் வந்தது. திண்டிவனம் கண் ஆஸ்பத்திரியில் எனக்கு மூத்தவளாக வேலை பார்த்த அக்காதான் இதைச் சொன்னாள்.

பூஞ்சைகளையும் அவள் தன் பாணியில் பிரித்து வைத்திருந்தாள். உருண்டையாக மொட்டு விட்டால் ஈஸ்ட். குழந்தைகளின் நாக்கில் படிகிற வெள்ளை அதுதான். நூல் நூலாக ஓடினால் பூஞ்சணம். படர்தாமரையும் வயல்காரர்களின் கண் புண்ணும் அதன் வேலை. “மூணாவது ஒண்ணு இருக்குதுடீ, ரெண்டு வேஷம் போடும். வெளிய நூலு, ஒடம்புச் சூட்டுக்குள்ள போனா உருண்டை” என்பாள். மதியம் அவள் டப்பாவில் பாதிச் சோறு எனக்குத்தான். கூடப் பிறந்தவளாகவே நினைத்திருந்தேன்.

கூட்டேரிப்பட்டுப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். அறுப்பில் நெல் தாள் கண்ணில் குத்தியிருந்தது. “கண்ணு எரிஞ்சிக்கினே இருக்குதும்மா” என்றார். மூன்றாம் நாள் சனிக்கிழமை, அவருடைய தட்டில் இரண்டாவது கோட்டின் மேல் வெள்ளைப் பஞ்சாக முளைத்திருந்தது. அக்காவுக்கு அன்று உறவில் மஞ்சள் நீராட்டு, கிளம்பும் அவசரம்.

“கோட்டு மேலதான இருக்குதுக்கா?”

“காத்துல வந்துதுடீ. ஜல்தியா தூக்கிப் போடு.”

போட்டேன். ‘வளர்ச்சி இல்லை’ என்று அவள் எழுதிக் கையெழுத்திட்டாள். டாக்டரும் பாக்டீரியாவுக்கான சொட்டு மருந்தையே தொடர்ந்தார். பூஞ்சைக்கு அது தண்ணீர் மாதிரி.

அந்த அம்மா கண்ணில் வெள்ளை விழுந்து திரும்பி வந்தார். டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். “இவதான் டாக்டர், கோட்டுக்கு வெளிய இருக்குதுன்னு என்னைக் கேக்காமலே தூக்கிப் போட்டுட்டா” என்றாள் அக்கா. ஒரு முறையாவது என் பக்கம் திரும்புவாள் என்று காத்திருந்தேன். திரும்பவில்லை. தட்டும் அதற்குள் ஆஸ்பத்திரிக் கழிவோடு எரிந்து போயிருந்தது.

எனக்கு வேலை போனது, அந்த அம்மாவுக்குப் பார்வை போனது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அக்கா மேல் உள்ள ஆத்திரம் ஆறவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் போனில் வாழ்த்து அனுப்புகிறாள், ஒன்றுமே நடக்காதது போல.

இப்போது விழுப்புரத்தில் வேலை. இரண்டு வேஷப் பூஞ்சையை இதுவரை தட்டில் பார்த்ததில்லை. ஆனால் அதன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். போன வாரம் ஒரு தட்டில், இரண்டாவது கோட்டின் மேல் அதே வெள்ளைப் பஞ்சு. உடனே டாக்டருக்குப் போன் செய்தேன்.

“கோட்டு மேலதான் இருக்குதுங்க சார். நானே பார்த்தேன்.”

திண்டிவனத்தில் அந்தச் சனிக்கிழமை, அக்காவைத் தாண்டிப் போய் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.