பிளாஸ்டர் மிஸ் வைத்த மருந்துப் பெட்டி

அந்தப் பள்ளிக்கூடத்து நர்ஸுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பிளாஸ்டர் மிஸ். வயிற்றுவலி என்று போனாலும் பிளாஸ்டர் ஒட்டித்தான் அனுப்புவாள் என்பது அவர்கள் கேலி. அவள் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. பதினாறு வருஷம் அப்படியே ஓடியது.

ஒருநாள் மதியம் பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி கழிப்பறையில் விழுந்து கிடந்தாள். தலைவலிக்கென்று யாரோ கொடுத்த மாத்திரையை விழுங்கியிருந்தாள். அது அபின் வகை மாத்திரை. உதடு நீலம் பாரித்திருந்தது. ஆம்புலன்ஸ் வந்து சேரப் பன்னிரண்டு நிமிஷம் ஆனது. அதுவரை நர்ஸ் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதிக்கொண்டே இருந்தாள். வண்டியில் வந்தவர் அபின் மயக்கத்தை முறிக்கும் மருந்து ஒன்றை அவள் மூக்கில் பீச்சினார். கொஞ்ச நேரத்தில் பெண் தானாக மூச்சு விட்டாள்.

"இது உங்ககிட்ட இல்லையா சிஸ்டர்?"

சாதாரணமாகத்தான் கேட்டார். அவளுக்குத்தான் சுருக்கென்றது. பெண் பிழைத்தாள், ஆனால் பள்ளிக்குத் திரும்பி வரவில்லை.

மறுவாரமே, அந்த மருந்தைப் பள்ளியிலும் வைக்கவேண்டும் என்று நர்ஸ் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போய் நின்றாள்.

"அந்த மருந்து இங்க இருக்குன்னு வெளியே தெரிஞ்சா, நம்ம பிள்ளைங்களைப் பத்தி என்ன பேசுவாங்க?" என்றார் அவர்.

"தீயணைக்கிற சிலிண்டரும்தான் சுவத்துல மாட்டியிருக்கு மேடம். இந்த ஸ்கூல் தினம் எரியுதுன்னு யாராவது பேசுறாங்களா?"

அவர் சிரிக்கவில்லை. நடையாய் நடந்து, நாலாவது மாதம் ஒரே ஒரு பெட்டிக்கு அனுமதி வாங்கினாள். ஆசிரியர் அறை வாசலில் மாட்டியாயிற்று.

மருந்தைக் கொடுக்கும் பயிற்சிக்கு ஆசிரியர்களில் நாலு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் போனை விட்டுத் தலை நிமிரவில்லை. கணக்கு வாத்தியார், "நான் கணக்கு சொல்லிக்குடுக்க வந்தவன், வைத்தியம் பார்க்க இல்ல" என்று கழன்றுகொண்டார். சரி, விழுந்தவரை முதலில் பார்க்கப்போவது யார் என்று யோசித்தாள். கதவுகளைத் திறந்து துடைப்பவர்கள்தானே! துப்புரவு வேலை செய்யும் நாலு பெண்களையும் கூப்பிட்டாள். அவர்களில் மூத்தவள் இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து தொங்கும். சாவி அக்கா என்றால்தான் தெரியும்.

"மூச்சு குறட்டை மாதிரி வரும்னு சொல்றீங்க. என் வீட்டுக்காரரும் அப்படித்தான். அவருக்கும் அடிச்சு விட்டுடட்டுமா?" என்றாள் சாவி அக்கா.

"தட்டி எழுப்புங்க அக்கா. எழுந்து திட்டினா குறட்டை. எழலைன்னா மருந்து, உடனே ஆம்புலன்ஸ். மாறி அடிச்சாலும் கெடுதல் இல்ல."

இரண்டு மாதம் பெட்டியை யாரும் தொடவில்லை. பிறகு ஒருநாள், சாப்பாட்டு இடைவேளை முடிந்த நேரம், குப்பைக் கூடையைக் காலி செய்ய ஆசிரியர் அறைக்குள் போனாள் சாவி அக்கா. கணக்கு வாத்தியார் நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தினம் தூங்குகிறவர்தான் என்று மற்றவர்கள் வகுப்புக்குப் போய்விட்டிருந்தார்கள். சாவி அக்காவுக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. தோளைத் தட்டினாள், உலுக்கினாள். அவர் திட்டவில்லை. பெட்டியைத் திறந்து மூக்கில் மருந்தைப் பீச்சிவிட்டுத்தான் கத்தினாள்.

நர்ஸ் ஓடி வந்தபோது சாவி அக்கா அவரைத் தரையில் கிடத்தியிருந்தாள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு நர்ஸ் மூச்சு ஊதினாள். மூன்று நிமிஷம் பார்த்து இரண்டாம் முறையும் அதே மருந்தைக் கொடுத்தாள். அவர் இருமிக்கொண்டு கண் விழித்தார். முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரை, அதுவும் அபின் வகைதான். அன்று வலி அடங்கவில்லை என்று இரண்டு கூடுதலாகப் போட்டிருக்கிறார்.

மூன்று வாரம் கழித்து வாத்தியார் நர்ஸின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். "நான் போதைக்காரன் இல்லம்மா."

"யாரு சார் சொன்னா? உக்காருங்க. வலி இப்ப எப்படி இருக்கு?"

அவர் அரை மணி நேரம் பேசினார். பெரும்பாலும் அழுகைதான். வலிக்கு வேறு வழி பார்க்கும் டாக்டரின் முகவரியை எழுதிக்கொடுத்து அனுப்பினாள்.

இப்போது ஒவ்வொரு மாடியிலும் ஒரு பெட்டி. தலைமை ஆசிரியையே பக்கத்துப் பள்ளிகளுக்குப் போன் போட்டுச் சொல்ல, வியாழக்கிழமைதோறும் பிளாஸ்டர் மிஸ் ஒரு பள்ளிக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறாள். போனதும் ஒரே நிபந்தனைதான்: துப்புரவுப் பெண்களும் பஸ் டிரைவரும் வந்து உட்காரும்வரை வாயைத் திறக்க மாட்டாள்.