தூக்கத்தை அளக்கத் திண்டுக்கல் போனோம்

பழனி பக்கம் தொப்பம்பட்டியில் கணினி மையம் நடத்துகிறேன். போன மாதம் பட்டப்பகலில் பைக் ஓட்டிக்கொண்டே தூங்கி, பின்னால் இருந்த மனைவி செல்வியோடு வெங்காயக் காட்டுக்குள் இறங்கிவிட்டேன். நல்ல வேளை, அடி இல்லை. "ஏனுங்க, ராத்திரி குறட்டைக்கு நடுவால உங்களுக்கு மூச்சே நிக்குதுன்னு எத்தன வாட்டி சொன்னேன்?" என்று அழுதாள். அன்றுதான் காதில் வாங்கினேன். இந்த 2009 பொங்கல் முடிந்ததும் தூக்கப் பரிசோதனைக்குக் கிளம்பினோம்.

பழனியில் மாலை 4.10க்குப் பேருந்து. அறுபது கிலோமீட்டர், ஆளுக்கு 22 ரூபாய். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, ஆறரைக்குத் திண்டுக்கல். நாகல் நகர் மருத்துவமனைக்கு ஆட்டோ 40 ரூபாய். "தூங்குறதுக்கா இம்புட்டு தூரம் வாரீக?" என்று ஓட்டுநர் சிரித்தார்.

மருத்துவமனை ஊழியர் மேரி தலையிலும் நெஞ்சிலும் ஒயர்களை ஒட்டினார். மூக்கில் குழாய், விரலில் கிளிப். இத்தனையோடு எவன் தூங்குவான்? தூங்காவிட்டால் பரிசோதனையே வீண். அந்தப் பயத்தில் நண்பனிடம் வாங்கிய தூக்க மாத்திரை ஒன்று என் சட்டைப் பையில் இருந்தது.

பதினொன்றரை வரை பொட்டுத் தூக்கமில்லை. மாத்திரையைக் கையில் எடுத்துவிட்டேன். ஏனோ விழுங்க மனம் வரவில்லை. மேரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஐயோ, போட்றாதீகண்ணே! இதுல தொண்ட இன்னும் தளந்துபோகும், மூச்சு கூடுதலா நிக்கும். டாக்டருட்ட கேட்டு வாரேன்."

தொலைபேசியில் கேட்ட மருத்துவர் வேறொரு மாத்திரையைக் குறைந்த அளவில் தரச் சொன்னார். மேரி அதைக் குறித்துக்கொண்டார். அரை மணியில் தூங்கிப்போனேன். இரண்டு மணிக்கு எழுப்பி, காற்றைச் செலுத்தும் முகமூடியை மாட்டினார்கள்.

காலை ஐந்தரைக்கு விழித்தேன். வழக்கமான தலைவலி இல்லை! வாய் வறளவில்லை! கத்த வேண்டும்போல் இருந்தது. முகமூடி போடும்வரை மணிக்கு நாற்பது முறைக்கு மேல் மூச்சு நின்றதாம், அதன்பின் நான்கைந்துதான்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்களாக மாத்திரை போடாதீர்கள். வழக்கமாகப் போடுவதை மறைக்காதீர்கள், திடீரென நிறுத்தவும் வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள். மறுநாள் வண்டி ஓட்டாதீர்கள், பேருந்தே போதும்.

திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, பழனி வரை கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு வந்தேன். இத்தனை மாதம் என் மூச்சுக்குக் காவல் இருந்த செல்வி, என் தோளில் சாய்ந்து அசந்து தூங்கினாள்.