தபீத்தாள் தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

தபீத்தாள் நல்லவள். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் போகப் போக அவள்மேல் எனக்கு ஆத்திரம் வரும், அதை நான் மறைக்கப் போவதில்லை.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்திலிருந்து கண்டி நகருக்கு ஏறும் பெருந்தெருவில், மஹய்யாவையில் அவள் வீடு. மண்சுவர், மானாப்புல் கூரை, வாசலில் ஒரு தண்ணீர்ப் பானை. மலையெல்லாம் கோப்பிச் செடி நின்ற காலம் அது. ஆவணி பிறந்தால் பழம் பறிக்க ஆட்கள் இந்தியாவிலிருந்து மன்னாரில் வந்து இறங்கி, காடு வழியே நடந்து, மாத்தளை தாண்டி அந்தத் தெருவால் கூட்டம் கூட்டமாக வருவார்கள். பறிப்பு முடிந்து தை மாதத்தில் அதே தெருவால் திரும்புவார்கள். வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் போனதில்லை.

தபீத்தாளும் அந்தத் தெருவில் கிடைத்தவள்தான். கைக்குழந்தையாக, மன்னாரிலிருந்து வரும் அந்த வடக்குப் பாதையோரத்தில் துணியில் சுற்றிக் கிடந்தாளாம். வெள்ளைக்கார மிஷன் துரைசாணி ஒருத்தி எடுத்துவந்து அநாதைப் பிள்ளைகளின் விடுதியில் சேர்த்தாள். அங்கே எழுதப் படிக்கவும், லேஸ் பின்னவும், ஜெபம் பண்ணவும் கற்றுக்கொண்டாள். "பெற்ற தாய் மறந்தாலும் கடவுள் உன்னை மறக்கமாட்டார்" என்று துரைசாணி அவளுக்குத் தினமும் சொல்வாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். ஆனால் பிள்ளையின் மனதில் அதன் முதல் பாதிதான் ஆணி அடித்தாற்போல இறங்கியது. பெற்றவள் மறப்பாள். அதுதான் அவள் சுபாவம். அன்புக்கு மேலே பார்க்க வேண்டுமே தவிர பக்கத்தில் தேடக்கூடாது.

விடுதியிலிருந்தே கல்யாணமாகி, சீக்கிரமே விதவையானாள். பிள்ளை இல்லை. கண்டியில் ஒரு கோப்பி ஸ்டோரில் பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்து, கறுத்த கொட்டையையும் உடைந்த கொட்டையையும் பொறுக்கித் தள்ளுவது அவள் வேலை. மாலையில் வீட்டுக்கு வந்து வாசல் பானையை நிரப்பி வைப்பாள். தெருவில் போகிறவர்கள் குடிப்பார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஓர் ஆவணி மழையில் அந்த வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். பெயர் அங்கம்மா. தோளில் ஒரு வயசுப் பெண் குழந்தை, காய்ச்சலில் வெந்துகொண்டிருந்தது. கூட்டத்தை நடத்திவந்த கங்காணி வீரையா தெருவில் நின்று "வர்றியா, இல்ல இங்கயே கெடக்கியா?" என்று கத்தினான். நோயில் கிடக்கும் பிள்ளையோடு மலையேற அவன் விடமாட்டான்.

"ஆத்தா, இதுக்கு முந்துன மூணும் போயிருச்சு. இத நீங்க வாங்கிக்கிருங்க. ஒரு படி தவுடு குடுத்துட்டு வாங்கிக்கிருங்க" என்றாள் அங்கம்மா.

தபீத்தாளுக்கு முதலில் விளங்கவேயில்லை. பசியில் கேட்கிறாள் என்று நினைத்தாள். தவிட்டைத் தின்னும் நிலைக்கு வந்துவிட்டாளே என்று மனம் இளகி, உள்ளே போய் ஒரு படி நல்ல அரிசி அளந்து கொண்டுவந்து நீட்டினாள். அங்கம்மா அலறிப் பின்வாங்கினாள்.

"அரிசி வேணாம் ஆத்தா! அரிசிக்கு வித்தா அதுக்கு வெல இருக்குன்னு ஆயிருமில்ல. தவுடு குடுங்க, தவுடு போதும்."

பக்கத்து வீட்டு ருக்கியா நெல் குத்தி அரிசி விற்பவள். அவள்தான் ஒரு படி தவிடு கொண்டுவந்து கொடுத்தாள். அங்கம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டு, பிள்ளையைத் தபீத்தாளின் கையில் வைத்தாள். பிறகு முகத்தை அப்பால் திருப்பி, தெருவே கேட்கும்படி சொன்னாள்: "இது ஏம்புள்ள இல்ல. குப்பையில கெடந்தது. இந்தம்மா புள்ள." திரும்பிப் பார்க்காமல் மழைக்குள் நடந்துவிட்டாள்.

எந்தக் கிராமத்துப் பெண்ணைக் கேட்டாலும் இதன் அர்த்தத்தைச் சொல்லியிருப்பாள். பிள்ளைகள் அடுத்தடுத்துச் சாகிற வீட்டில், மிஞ்சின பிள்ளையை வேறொருத்திக்குத் தவிட்டுக்கு விற்பார்கள். தவிட்டு விலைதான் பெறும், பெற்றவளுக்கே வேண்டாத பிள்ளை என்றால் சாவும் அதைச் சீந்தாமல் போய்விடும் என்று நம்பிக்கை. ஆபத்தான வயது தாண்டும்வரை பெற்றவள் அதை என் பிள்ளை என்று சொல்லக்கூடாது, ஆசையாகப் பார்க்கவும் கூடாது. தாண்டியதும் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு மீட்டுக்கொள்வார்கள். விடுதியில் வளர்ந்த தபீத்தாளுக்கு இது தெரியாது. தெரியாதது குற்றமில்லை. யாரையும் கேட்கவில்லையே, அதுதான் எனக்கு ஆறவில்லை. கேட்க வேண்டிய தேவையே அவளுக்கு இருக்கவில்லை. தாய் என்றால் இப்படித்தான் என்று அவள் முன்பே முடிவு கட்டியிருந்தாள்.

பிள்ளையை அவள் காப்பாற்றினாள். கஷாயமும் கஞ்சியுமாகக் கண் விழித்துக் கிடந்து, எமன் வாயிலிருந்து பிடுங்கினாள் என்றே சொல்லலாம். ஞானஸ்நானம் கொடுத்து, கிருபை என்று பெயர் வைத்தாள். அந்தப் பிள்ளை சிரித்தபோது தன் உடம்பில் எங்கோ இறுகிக் கிடந்தது கழன்று விழுந்தது என்று பின்னாளில் அவளே சொல்லியிருக்கிறாள்.

தை மாதத்தில் அங்கம்மா வந்தாள். தலையில் மூட்டையோடு தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்றாள். தபீத்தாள் பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள்.

"வந்து பார், உன் பிள்ளை பிழைத்துவிட்டது!"

"ஏம்புள்ளயா? அது ஒங்க புள்ள" என்று அங்கம்மா உரக்கச் சொன்னாள். குனிந்த தலை நிமிரவில்லை. வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாள். குடிக்க நெடுநேரம் எடுத்தாள். போகும்போது தரையைப் பார்த்தே கேட்டாள், "ஒங்க புள்ள நல்லா சாப்புடுதா?"

ஒவ்வொரு வருடமும் இதேதான். ஆவணியில் ஒரு தரம், தையில் ஒரு தரம், எதிர்ப்பக்கத்தில் அந்த உருவம், ஒரு செம்புத் தண்ணீர், அதே கேள்வி. தபீத்தாளுக்கு வருடத்துக்கு வருடம் வெறுப்பு ஏறியது. கல் நெஞ்சுக்காரி, பெற்றதைக் கண்ணெடுத்தும் பார்க்காமல் தண்ணீருக்கு மட்டும் வந்து நிற்கிறாளே என்று பொருமினாள்.

கிருபைக்கு விவரம் தெரிந்ததும் கதையைச் சொன்னாள். "உன்னைப் பெற்றவள் தவிட்டுக்கு விற்றாள். கடவுளோ தன் சொந்த மகனையே கொடுத்து உன்னை வாங்கினார்." பிள்ளை அதைப் பாடம் மாதிரி ஒப்புவிக்கும். கோயிலில் பெண்களின் ஜெபக்கூட்டத்திலும் தபீத்தாள் இதைத்தான் சாட்சியாகச் சொல்வாள். துரைசாணி கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அங்கே இருந்த பெண்களில் பாதிப்பேருக்குத் தவிட்டுச் சங்கதி தெரியும். தங்கள் வீட்டிலேயே செய்திருப்பார்கள். ஆனால் அந்த அஞ்ஞானப் பழக்கம் எனக்குத் தெரியும் என்று துரைசாணிக்கு முன்னால் யார் வாய் திறப்பார்கள்? எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். ஆமென் சொன்னார்கள்.

அப்புறம் இந்தியாவில் பெரும் பஞ்சம் வந்தது. அந்த ஆவணியில் தெருவால் வந்தவர்களைப் பார்க்கச் சகிக்கவில்லை. தோலும் எலும்புமாக நடந்தார்கள், நடக்க முடியாதவர்களைக் கங்காணிமார் வழியிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். ஒருநாள் காலை ருக்கியாவின் புருஷன் பளீல் கட்டுகஸ்தோட்டையிலிருந்து மாட்டுவண்டியோடு வந்து, தபீத்தாளின் வாசலில் நிறுத்தினான்.

"பாலத்துக்கிட்ட மடுவத்தில ஒரு பொம்புள விழுந்து கெடக்கிறா. மஹய்யாவ ஆத்தாட புள்ள சொகமா எண்டு போற வாற ஆளெல்லாத்தையும் கேக்கிறா. இனி மிச்ச நேரம் தாங்காது போல."

"நான் என்ன செய்ய? தண்ணீர் வேண்டுமானால் கொடுத்தனுப்புகிறேன்" என்றாள் தபீத்தாள்.

ருக்கியா வேலிக்கு அப்பால் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், உலக்கையைப் போட்டுவிட்டு வந்தாள். "என்ன பேச்சு அக்கா இது? சாகப் போற மனிசி. ஏறுங்க வண்டில." கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஏற்றினாள். கிருபையை நோய் ஒட்டிக்கொள்ளும் என்று தபீத்தாள் வீட்டிலேயே விட்டாள்.

வழிப்போக்கர் ஒதுங்கும் அந்த மடுவக் கொட்டகையின் மண் தரையில் அங்கம்மா கிடந்தாள். வயிறு முதுகோடு ஒட்டிப்போய், ஈ மொய்த்து, கண் மட்டும் உயிரோடு இருந்தது. தபீத்தாளைக் கண்டதும் இடுப்பில் கட்டியிருந்த ஒரு சிறு மூட்டையை அவிழ்க்கப் பார்த்தாள். விரல் மடங்கவில்லை. ருக்கியா அவிழ்த்தாள். உள்ளே தவிடு.

"வாங்கிக்கிருங்க ஆத்தா" என்றாள் அங்கம்மா. "மூத்தது எட்டு வயசுல போச்சு. அதான் ஒம்போது தாண்டட்டும்னு இருந்தேன். இந்த வருசம் தாண்டிருச்சுல்ல? புள்ளயக் குடுங்க. ஒருவாட்டி பேர் சொல்லிக் கூப்புட்டுக்கிறேன்."

தபீத்தாள் விளங்காமல் ருக்கியாவைத் திரும்பிப் பார்த்தாள். ருக்கியாதான் விளக்கினாள். விளக்க விளக்க அவளுக்கே அழுகை வந்தது.

"இதுக்கெண்டே எங்கட வீட்டுக்குத் தவுடு கேட்டு எத்தின பொம்புளயள் வந்திருக்கிறாங்க. ஒங்களுக்குத் தெரியுமெண்டுதானே நான் இருந்தன். எண்ட அல்லாஹ், இந்தத் தவுட்டக் கரச்சுக் குடிச்சிருந்தாலும் இவ பொழச்சிருப்பாளே! ஊரிலேருந்து பசியோட நடந்து வந்து, இதில ஒரு பிடி தொடல்லயே!"

கிருபையைக் கூட்டிவரப் பளீல் வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். தபீத்தாள் தரையில் உட்கார்ந்து அங்கம்மாவின் தலையை மடியில் வைத்து, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டாள். பிள்ளை வரும்வரை இந்த உயிரை நிறுத்தி வையும் என்று மட்டும் ஜெபித்தாள். அது கேட்கப்பட்டது. கேட்கப்படாமலே போயிருக்கலாம் என்று நான் சில வேளை நினைப்பதுண்டு.

கிருபை வந்து வாசலில் நின்றாள். தண்ணீருக்கு வரும் தவிட்டுக்காரி என்று அடையாளம் கண்டதும் அவள் முகம் இறுகியது.

"கிருபை, கிட்ட வாம்மா. இவங்கதான் உன் அம்மா. நான் சொன்னதெல்லாம் தப்பு" என்றாள் தபீத்தாள்.

இத்தனை வருடம் ஊட்டியதை ஒரு வார்த்தையில் திருப்பி எடுக்க முடியுமா? பிள்ளை நின்ற இடத்திலேயே நின்று, அங்கம்மாவை நேராகப் பார்த்துச் சொன்னது: "நான் ஒங்க புள்ள இல்ல."

தபீத்தாள் காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அங்கம்மாவின் முகம் மலர்ந்தது. ஆமாம், மலர்ந்தது. ருக்கியாவும் பார்த்திருக்கிறாள்.

"கேட்டீங்களா? எம்புட்டு வெவரமாச் சொல்லிக் குடுத்து வளத்திருக்கீங்க ஆத்தா! சாவு இங்ஙன நிக்கிறப்ப அப்புடித்தான் சொல்லணும். எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு, இங்க போயி அவளக் கூப்புடச் சொன்னேனே." பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணை மூடி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். "ஒங்க புள்ளயக் கூட்டிட்டுப் போங்க. தவுடு ஒங்ககிட்டயே இருக்கட்டும். நா எந்திரிச்சு வந்து அப்பறமாக் கூப்புட்டுக்கிறேன்."

அதற்குப் பிறகு அவள் இந்தப் பக்கம் திரும்பவேயில்லை. வெயில் சாய்வதற்குள் உயிர் போய்விட்டது. பளீலும் இரண்டு வண்டிக்காரர்களும் ஆற்றோரத்தில் குழி தோண்டினார்கள்.

வீட்டுக்கு வந்து தபீத்தாள் எல்லாவற்றையும் கிருபையிடம் சொன்னாள், தன் பங்கை ஒரு சொல்லும் குறைக்காமல். பிள்ளை அழவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப அவங்க தண்ணி குடிக்க அவ்வளவு நேரம் எடுத்தது?"

"உனக்காகத்தான்."

அடுத்த ஜெபக்கூட்டத்தில் தபீத்தாள் எழுந்து நின்றாள். வழக்கமான சாட்சியைத் தொடங்கினாள். பெற்ற தாய் மறந்தாலும் என்பதுவரை வாயில் வந்தது, அதற்கு மேல் ஓடவில்லை. வேறொன்று சொன்னாள்.

"கடவுளின் அன்பு எப்படி இருக்கும் என்று இத்தனை நாள் உங்களுக்குப் போதித்தேன். வருடத்துக்கு இரண்டு முறை அது என் வாசலுக்கே நடந்து வந்தது. நான் ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்துப் போகச் சொன்னேன்." துரைசாணிக்குப் புரியவில்லை. பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அன்று யாரும் உச்சுக் கொட்டவில்லை.

தபீத்தாள் அதன்பிறகும் நெடுநாள் இருந்தாள். இலைநோய் விழுந்து கோப்பி அழிந்ததையும், ஸ்டோர் மூடப்பட்டதையும் கண்டுவிட்டுத்தான் செத்தாள். தன்னைத் துணியில் சுற்றி வடக்குப் பாதையில் வைத்தவளைப் பற்றி அவள் அதற்குப் பிறகு ஒரு குறையும் சொன்னதில்லை. அன்று தன்னை எடுத்துப்போன துரைசாணியின் வண்டி கண்ணுக்கு மறையும்வரை, எதிர்ப்பக்கத்துக் காட்டுக்குள் யாராவது நின்றிருப்பார்களா என்று மட்டும் ருக்கியாவிடம் அடிக்கடி கேட்பாள். நின்றிருப்பாள் என்று ருக்கியா ஒவ்வொரு முறையும் சொல்வாள்.

பஞ்சத்துக்கு அடுத்த தை மாதம் கூட்டங்கள் ஊருக்குத் திரும்பின. கிருபை காலையிலேயே பானையை நிரப்பி, செம்போடு வாசலில் போய் நின்றாள். தண்ணீர் குடிக்க வந்த ஒவ்வொரு பெண்ணிடமும் எந்த ஊர் என்று கேட்டாள். பிறகு, தெருவின் எதிர்ப்பக்கத்துக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்.

"நான் அங்கம்மா புள்ள. அவங்க ஊர்ப்பக்கம் போனா சொல்லுங்க, நான் அங்கம்மா புள்ள."

தபீத்தாள் உள்ளே அடுப்படியில் இருந்தாள். அவள் வெளியே வரவும் இல்லை, பிள்ளையை நிறுத்தவும் இல்லை.