உரலுக்குள் என் கை

சரித்திரப் பாடம் பிள்ளைகளுக்கு நல்லது என்று யாராவது என் முன்னால் சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். நல்லதுதான், யார் இல்லை என்றார்கள். ஆனால் நாலாம் வகுப்பில் படிக்கும்போது ஒரு காலையில் கேட்ட சரித்திரம் எனக்குச் சோறு இறங்கவிடாமல் செய்தது. பெற்ற தாயின் கையைக் கண்டு பயப்படவைத்தது. இன்றைக்குப் பேரப்பிள்ளைகள் எடுத்துவிட்டேன். ஆனாலும் எங்காவது உரலில் உலக்கை விழும் சத்தம் கேட்டால் என் விரல்கள் தாமாக மடங்கிக்கொள்கின்றன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி அது. கண்டியில் கட்டுக்கலைப் பக்கம், ரயில் பாதைக்கு மேலே இருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். அப்பாவுக்கு ஸ்டேஷனில் தேயிலைப் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. அம்மா வீட்டில் அரிசி மா இடித்தாள். தெருமுனையில் ஒரு முஸ்லிம் குடும்பம் அப்பக்கடை வைத்திருந்தது. அவர்களுக்கு வேண்டிய மா முழுக்க அம்மாவின் உலக்கையிலிருந்துதான் போகும். பிள்ளைகளில் நான் மூத்தவள். அடுத்தது ஒரு தங்கை, அவளுக்கு அடுத்தது தவழும் வயதில் ஒரு தம்பி.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உரலடியில் குந்தி மாவைத் தள்ளிவிடுவது என் வேலை. உலக்கை மேலே போகும்போது கையை உள்ளே விட்டு, ஓரத்தில் ஒதுங்கிய அரிசியை நடுவுக்குத் தள்ளி, உலக்கை இறங்குவதற்குள் கையை எடுத்துவிட வேண்டும். பார்க்கிறவர்களுக்கு ஈரக்குலை நடுங்கும். எங்களுக்கு அது மூச்சு விடுவது போலத்தான். அம்மா உரலைப் பார்க்கவே மாட்டாள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இடிப்பாள். நானும் உலக்கையைப் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பேன். ஒரு நகக்கண்ணில்கூட அது பட்டது கிடையாது.

அம்மாவிடம் எனக்குப் பிடிக்காத குணம் ஒன்று இருந்தது. பிள்ளைகளைக் கண் மறைய விடமாட்டாள். குழாயடிக்குப் போனால் பின்னாலேயே வருவாள். மாதா கோயிலில் ஞானோபதேச வகுப்பு நடந்தால் வாசலில் நிற்பாள். நாங்கள் தூங்கும்போது மூக்கடியில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். நான் முழித்துக்கொண்டு எரிந்து விழுந்திருக்கிறேன். இவள் அடைகாக்கிற கோழி, நாம் எல்லாம் முட்டை என்று அப்பா கேலி செய்வார். அம்மா சிரிக்கமாட்டாள்.

இந்த நிலையில்தான் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் எங்கள் சரித்திர டீச்சர், வகுப்பையே அரண்மனைக்கும், அதன் பக்கத்தில் தேவாலயம் என்று சொல்லும் சிங்களவர் கோயிலுக்கும், போகம்பரைத் திடலுக்கும் கூட்டிப்போவதாகச் சொன்னார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நறுக்கென்று பேசுகிறவர், எங்கள் எல்லாருக்கும் அவரிடம் பயம். அம்மா இரண்டு நாள் யோசித்தாள். பிறகு அப்பக்கடை உம்மாவிடம் இஸ்திரிப் பெட்டி வாங்கிவந்து, சிரட்டைக்கரி போட்டு, கஞ்சி போட்ட என் வெள்ளைக் கவுனை மடிப்புக் குலையாமல் தேய்த்தாள். ரொட்டியும் சீனிச் சம்பலும் வாழையிலையில் கட்டினாள். ராணி மாதிரி இருக்கிறாய் என்று கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சினாள்.

நாங்கள் வரிசையாக வாவிக் கரையில் நடந்துகொண்டிருந்தபோது பின்னால் பிள்ளைகள் கிசுகிசுத்துச் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால், தம்பியை இடுப்பிலும் தங்கையைக் கையிலும் பிடித்துக்கொண்டு அம்மா வந்துகொண்டிருக்கிறாள். உன் அம்மா உன்னை வேவு பார்க்கிறாளா என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு மானம் போயிற்று. பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எண்கோண மண்டபத்தையும் அகழியையும் காட்டிவிட்டு, டீச்சர் எங்களைத் தேவாலயத்து முற்றத்தில் அரசமரத்தடியில் உட்காரவைத்தார். எங்கள் பள்ளிக்கூடத்துச் சிங்கள வகுப்புப் பிள்ளைகளும் அவர்களுடைய டீச்சரோடு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். கண்டியின் கடைசி ராசாவுக்கு எதிராக ஒரு பெரிய அதிகாரி கிளம்பி, வெள்ளைக்காரனிடம் ஓடிப்போன கதையை டீச்சர் தொடங்கினார். அதிகாரி தப்பிவிட்டான். அவனுடைய பெண்சாதியும் பிள்ளைகளும் ராசாவின் கையில் அகப்பட்டார்கள். பிள்ளைகளின் தலையைத் தாயின் கண் முன்னால் வெட்டி, உரலில் போட்டு, அவள் கையாலேயே இடிக்கவைக்கும்படி ராசா உத்தரவு போட்டான். மறுத்தால் குலத்துக்கே தீராத அவமானம் வரும் என்று மிரட்டினார்கள்.

மூத்த பையன் பயந்து தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டானாம். அவனுக்கு இளையவன், நான் முதலில் போகிறேன் என்று முன்னால் வந்து நின்றானாம். கைப்பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்ததாம். தாய் உலக்கையைத் தூக்கினாளாம். பிறகு அவளைப் போகம்பரைக் குளத்தில் அமிழ்த்திவிட்டார்களாம். இப்போது பையன்கள் பந்தடிக்கும் திடல் இருக்கிறதே, அங்கேதான் அந்தக் குளம் இருந்தது.

“அந்தத் தாய் அழேல்லை, பிள்ளையள். கடைசிவரைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை” என்றார் டீச்சர்.

பிள்ளைகள் எல்லாரும் அந்த வீரச் சிறுவனைப் பற்றியே பேசினார்கள். நான் எழுந்து, மூத்தவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவனுக்கும் அதுதான், வேறென்ன என்று டீச்சர் சலித்துக்கொண்டார். அப்போது சிங்கள வகுப்புப் பிள்ளை ஒருத்தி என் பக்கம் குனிந்து, அது உங்கள் ராசாதானே என்றாள். நான் டீச்சரைப் பார்த்தேன். ராசாவின் உறவுக்காரர்கள் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், தமிழ் பேசினவர்கள் என்று அவர் ஒத்துக்கொண்டார். எங்கள் தாத்தா மதுரைப் பக்கம் என்று அப்பா பெருமையடிப்பார். அப்படியானால் அந்த உத்தரவு தமிழிலேயே சொல்லப்பட்டிருக்கும், நம் வீட்டில் பேசுகிற பேச்சிலேயே சொல்லப்பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அந்த நினைப்புத்தான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது.

சாப்பாட்டுக்கு அகழி மதிலோரம் உட்கார்ந்தோம். எதிர்ப்பக்கத்து மர நிழலில் அம்மா நின்றபடியே, முந்தானையால் மறைத்துத் தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சாப்பிடு சாப்பிடு என்று சாடை காட்டினாள். அவள் சேலைக்குப் பின்னால் தங்கை ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்தாள். நான் ரொட்டிப் பொட்டலத்தை அவிழ்க்காமலே மடியில் வைத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் ஊறவைத்த அரிசி காத்திருந்தது. அம்மா உலக்கையைத் தூக்கினாள். நான் கையை நீட்டினேன். கை உள்ளே போகவில்லை. உரலுக்குள் இருந்த வெள்ளை மாவைப் பார்க்கப் பார்க்க எனக்கு வேறு எதுவோ தெரிந்தது. வயிற்றுவலி என்று சொல்லி எழுந்துபோய்விட்டேன்.

மறுநாளும் வயிற்றுவலி. அதற்கு மறுநாளும். பிட்டைத் தொடவில்லை, இடியப்பத்தைத் தொடவில்லை, இடித்த சம்பலைக்கூடத் தொடவில்லை. அம்மா தனியாக இடித்து, தனியாக நிறுத்தி, தானே குனிந்து தள்ளிவிட்டாள். அடுத்த அறையிலிருந்து நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு குத்து விழும். பிறகு கொஞ்சம் அமைதி. அந்த அமைதியில் யாரோ அம்மாவிடம் தமிழில் ஏதோ சொல்வதாக எனக்குத் தோன்றும். அடுத்த குத்து விழும். தூங்கினால் மூக்கடியில் விரல் வரும். முன்பெல்லாம் எரிந்து விழுகிறவள், இப்போது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வியர்த்துக் கிடந்தேன். மூத்தவள் நான்தானே, முதலில் என் தலைதானே என்று மனசு அடித்துக்கொண்டது.

போகம்பரையில் தண்ணீரில் செத்தவர்களின் பேய்க்காற்று என்னைப் பிடித்துவிட்டது என்று அம்மா முடிவுகட்டினாள். கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து தெளித்தாள். வியாகுல மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்தாள். செத்தல் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள், வீடு முழுக்க இருமல். அப்பக்கடை உம்மா மனசு கேட்காமல் பள்ளிவாசலில் ஓதின தண்ணீர் ஒரு போத்தல் கொண்டுவந்தார். பங்குச் சாமியார் காதுக்குப் போகக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அம்மா அதையும் குடிக்கவைத்தாள். எந்தச் சாமிதான் என்ன செய்யும், எனக்குப் பயம் அம்மாவிடம் அல்லவா. அதை எப்படி அவளிடமே சொல்வேன்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அது உடைந்தது. அம்மா இடித்துக்கொண்டிருந்தாள். தம்பி தவழ்ந்து தவழ்ந்து உரலடிக்குப் போய், விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். உலக்கை மேலே இருந்தது. அம்மா அதை அப்படியே பிடித்து நிறுத்திக்கொண்டு, அவனைத் தூக்கு என்று என்னிடம் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் பாய்ந்து அவனை வாரிக்கொண்டு ஓடி, கொல்லைச் சுவரில் முதுகை ஒட்டி நின்றுவிட்டேன். கிட்டே வராதே என்று கத்தினேன். அம்மா உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு என்னைப் பார்த்தபடி நின்றாள். அந்த முகத்தில் கோபம் இல்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். ராசா, அதிகாரி, உரல், சேலைக்குப் பின்னால் ஒளிந்த மூத்தவன், ஒன்று விடாமல்.

“ராசா சொன்னா நீயும் இடிப்பியாம்மா?” என்று கேட்டேன். “மூத்தவ நான்தானே. மொதல்ல என்னயத்தானே?”

அம்மா மா படிந்த கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“மூத்தது நீ இல்ல புள்ள” என்றாள்.

வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அவர்கள் லயத்துக் காம்பராவில், கூலிகளுக்கென்று கட்டிய வரிசை அறைகளில் ஒன்றில், இருந்த காலத்தில், எனக்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை பிறந்திருக்கிறது. பால்குடிப் பிள்ளை. ஒருநாள் விடியும்போது அதற்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. இன்றைக்குக் கொழுந்தெடுக்க வரவில்லை என்று அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள். கங்காணி வாசலுக்கே வந்துவிட்டான். நீ கொழுந்து மலைக்குப் போகாவிட்டால் உன் புருசனுக்கும் இனி இங்கே வேலை கிடையாது என்று சத்தம் போட்டான். அம்மா கூடையைத் தூக்கினாள். பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகும் இடத்தில், விட்டாள். மலையில் நிற்கும்போது பால் கட்டிச் சேலை நனைந்ததாம். மத்தியானம் ஓடிவந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சாமியார் மாதத்துக்கு ஒரு தடவைதான் அந்தத் தோட்டத்துக்கு வருவார். அதற்குள் போய்விட்டதால் ஞானஸ்நானம் இல்லை, பெயர் இல்லை, கல்லறைத் தோட்டத்தில் இடமும் இல்லை. தேயிலைக்குள்தான் புதைத்தார்கள்.

“நான் கெளம்புறப்ப என் முந்தானயப் புடிச்சிக்கிருச்சு. விடவே இல்ல. ஒவ்வொரு வெரலாப் பிரிச்சி விட்டுட்டுப் போனேன்” என்றாள்.

அவள் அழுதாள். டீச்சர் சொன்ன அந்தத் தாயைப் போல இல்லை, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, ஆனாலும் கேட்டதற்குப் பதில் வரவில்லையே என்று மனசுக்குள் ஒரு பிடிவாதம். அப்படியானால் நீ இடிப்பாயா என்று மறுபடியும் கேட்டேன். நான் அப்படிப்பட்ட பிள்ளை.

“எனக்கு எதுக்கு புள்ள ராசா? கங்காணி ஒரு சத்தம் போட்டான், அதுக்கே போயிட்டேன். எனக்கு அவ்வளவுதான் தைரியம். அதனாலதான் ஒங்கப்பாகிட்ட மல்லுக்கு நின்னு டவுனுக்கு வந்தேன். இங்க எனக்கு உத்தரவு போட ஆளு இல்ல.”

மாட்டேன் என்று அவள் சொல்லவே இல்லை. எந்தத் தாயும் சட்டென்று சொல்லியிருப்பாள். என் பிள்ளைகள் இதே கதையைப் பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டு வந்து என்னிடம் கேட்டபோது, நான் கண்ணை மூடிக்கொண்டு மாட்டேன் என்றுதான் சொன்னேன். என் அம்மாவுக்குத் தன்னைத் தெரியும். தன் தைரியத்தை நம்பாமல், எங்களை உத்தரவு எட்டாத இடத்துக்குத் தூக்கிவந்து, காலம் முழுக்கப் பின்னாலேயே நடந்தாள். அவளுக்கு நான் பட்ட கடன் அது. எத்தனை பூசை வைத்தும் அது தீராது. அந்தப் பெயரில்லாத அக்காவும் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. எனக்காக ஒதுங்கிக்கொண்டவள் அவள் என்று சிலசமயம் தோன்றும். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று எனக்கே தெரியும், இருந்தாலும் தோன்றும்.

அன்று அம்மா கிட்டே வந்து தம்பியை வாங்கக் கை நீட்டினாள். நான் உடனே கொடுக்கவில்லை. அவள் பிடுங்கவில்லை, நின்றாள். கடைசியில் கொடுத்தேன். ஆனால் தம்பி என் கவுனை இறுக்கப் பிடித்துக்கொண்டிருந்தான். அம்மா அவன் விரல்களைப் பார்த்தாள். பிரிக்கவில்லை. அவனாக விடும்வரைக்கும், என்மேல் சாய்ந்தபடி, அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.