குங்குமம் வைத்த மோட்டார்க்காரி

எனக்கு எண்பத்தொன்பது நடக்கிறது. பெற்றது ஆறு, ஆறும் தங்கி ஆளாகிவிட்டன. அதற்கு மேலே கொழுந்தன் பிள்ளைகள் ரெண்டையும் நான்தான் வளர்த்தேன். பள்ளிக்கூடத்தில் மூணாம் வகுப்பைக்கூட முடிக்கவில்லை. ஆனாலும் என் கையெழுத்தை யாரும் பழிக்க முடியாது. மெதுவாக எழுதுவேன், அழித்து எழுத மாட்டேன்.

என் பேத்தி கைப்பேசியில் மோட்டார் பந்தயம் பார்க்கிறாள். இவர் யாரு தெரியுமா அப்பத்தா, அவர் யாரு தெரியுமா என்று கேட்பாள். பிறகு அவளே, "ஒனக்கெங்க தெரியப் போகுது" என்று பதிலும் சொல்லிக்கொள்வாள். பந்தயக்காரர்களோடு ஒரே வீட்டில் வளர்ந்தவளிடம் பேசுகிற பேச்சா இது. எழுதித் தருகிறேன், பொறு என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது சமஸ்தான காலம். வெளியே வெள்ளைக்காரனின் ரெண்டாம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. எங்கள் வீடு கீரமங்கலத்துக்குப் பக்கம். என் ஆத்தாவுக்கு ஒரே தம்பி, எனக்குத் தாய்மாமன், எங்களோடுதான் இருந்தார். கொழும்பில் ஒரு துரையின் மோட்டார்ப் பட்டறையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அந்தத் துரைக்குப் பந்தயப் பைத்தியம். பார்த்து முடித்த பந்தயப் புத்தகங்களை மாமாவிடம் தூக்கிப் போட்டுவிடுவாராம். மற்றவர்கள் கொழும்பிலிருந்து சீலையும் வாசனைச் சவுக்காரமும் கொண்டுவந்தார்கள். மாமாவின் தகரப்பெட்டியில் வேட்டிக்கு அடியில் முழுக்கக் கத்தரித்து வைத்த படங்கள்தான் இருந்தன.

அவற்றைக் கஞ்சித் தண்ணி தடவி, முன்கட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வரிசையாக ஒட்டினார். ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் சொன்னார். அந்தப் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை, அதனால் நானே பெயர் வைத்துக்கொண்டேன். ஒருத்தர் சுருட்டுக்காரர். வாயில் எந்நேரமும் சுருட்டு இருக்கும், ஆனால் ஜெயித்தால்தான் பற்ற வைப்பார். இன்னொருத்தர் குள்ளர். தலகாணி போட்டு உட்கார்ந்தால்தான் ரோடு தெரியும், ஆனால் வளைவில் பிரேக்கைத் தொட மாட்டார். பங்காளிகள் ரெண்டு பேர் உண்டு. நிசமான பங்காளிகள் இல்லை. ஆயுசு முழுக்க ஒருத்தருக்கொருத்தர் முகம் கொடுத்துப் பேசாததால் நான் வைத்த பெயர்.

கடைசியில் ஒரு படம். தோல் குல்லா, நெற்றிக்கு மேலே தூக்கிவிட்ட கண்ணாடி, கன்னமெல்லாம் எண்ணெய்க் கரி, பல் தெரியச் சிரிப்பு. பையன் என்றுதான் நாங்கள் நினைத்தோம். "இது பொம்பளை" என்றார் மாமா. என் ஆத்தா கிட்டே போய்க் காதைப் பார்த்தது. காதில் ஒரு பொட்டுத் தோடு இருந்தது. அதற்குப் பிறகுதான் நம்பியது.

ஆயுத பூசை வந்தது. அன்றைக்கு அரிவாள்மணை, மண்வெட்டி, உலக்கை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு ஆத்தா சுவரைப் பார்த்தது. முருகனுக்கு வைத்துப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வைக்காமல் விட அதற்கு மனசு வரவில்லை. ஆம்பிளைகளுக்கெல்லாம் விபூதி பூசி, அந்தப் பெண்ணுக்குப் பொம்பளை என்பதால் குங்குமம் வைத்தது. நல்ல பெரிய பொட்டு.

"கண்ணாடி போட்ட சாமிய இப்பத்தான் பாக்குறேன்" என்றார் என் ஐயா. அவருக்கு மச்சினனைச் சீண்டுவதென்றால் சோறு வேண்டாம்.

மாமாவுக்கு அப்போது கல்யாணம் தட்டிக்கொண்டே போனது. ஆள் குறைச்சலில்லை. புதுக்கோட்டைக்கும் எங்கள் ஊருக்கும் ஓடுகிற பஸ்ஸுக்கு டிரைவர், குடிக்க மாட்டார், ஒருத்தரை ஏறிட்டுப் பேச மாட்டார். ஆனால் கொழும்புக்குப் போனவன் அங்கே ஒரு குடும்பம் வைத்திருப்பான் என்று எங்கள் பக்கம் ஒரு எண்ணம். அது பொய்யென்றும் சொல்ல முடியாது, சில வீடுகளில் அப்படித்தான் இருந்தது. ரெண்டு இடத்தில் பேசி, ரெண்டும் இந்த ஒரு சந்தேகத்தாலேயே கலைந்தன. மூணாவது குடுமியான்மலைப் பக்கம். இதுவும் போனால் இனிப் பெண் கேட்கவே போக மாட்டேன் என்று ஆத்தா அழுதது.

பூசை கழிந்த வாரமே வீடு பார்க்க வந்தார்கள். பெண்ணோட அப்பா, பெண்ணோட பெரியம்மா, ரெண்டே பேர். பெண்ணைப் பெற்றவள் முன்னமே இறந்துவிட்டாள், பெரியம்மாதான் வளர்த்தது. மாப்பிள்ளை ஓட்டுகிற பஸ்ஸிலேயே ஏறி வந்தார்கள். பெட்ரோல் கிடைக்காத காலம், பஸ்ஸெல்லாம் கரி வண்டி. பின்னால் ஒரு டிரம் இருக்கும். அதில் அடுப்புக் கரியைப் போட்டுக் கிளறி, காத்தாடிச் சக்கரத்தைச் சுற்றினால் வரும் புகையில் வண்டி ஓட வேண்டும். சமதரையில் ஓடும். கண்மாய்க்கரை மேடு வந்தால் நின்றுவிடும். எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும்.

பெண்ணோட அப்பா வேட்டியெல்லாம் கரியோடு வீட்டுக்குள் வந்தார்.

"தம்பி நல்லாத்தான் ஓட்டுறாப்ல" என்றார். "வைக்கோல் வண்டி ஒண்ணு எங்கள முந்திக்கிட்டுப் போச்சு. அதுல இருந்தவன் வெத்தலை வேணுமான்னு கேட்டான்."

என் ஐயா சிரித்தார். ஆத்தா அவரை முறைத்தது.

தட்டில் வெற்றிலை பாக்கு வைத்தாயிற்று. எங்கள் பக்கம் வழக்கம் என்னவென்றால், வந்தவர்கள் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டால் மேற்கொண்டு பேசலாம். தொடாமல் எழுந்தால் அவ்வளவுதான். பெண்ணோட அப்பா கையை நீட்டுகிற நேரம் பார்த்து அந்தப் பெரியம்மா சுவரில் குங்குமம் வைத்த படத்தைப் பார்த்துவிட்டது.

"இது யாருங்க?"

"அது தம்பி கொழும்புலேருந்து கொண்டாந்தது" என்றது ஆத்தா. அதற்குப் பொய் வராது. அன்றைக்குப் பார்த்து உண்மையும் சரியாக வரவில்லை.

"கொண்டாந்ததா? குங்குமம் வச்சிருக்கீங்க. பூவு ஒண்ணுதான் வைக்கலை."

நீட்டிய கை திரும்பிப் போய் மடியில் உட்கார்ந்தது. எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். வாசற்படியில் நின்ற மாமாவுக்குக் கழுத்து வரைக்கும் வேர்த்தது. நின்றுபோன எஞ்சினிடம் நாளெல்லாம் பேசுவார். மனுசர்கள் கேள்வி கேட்டால் நாக்கு உள்ளே போய்விடும்.

"வாங்க, நேரமாச்சு" என்று பெரியம்மா எழுந்தது.

எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ. நடந்தது முழுசாக விளங்கவில்லை. எங்கள் பந்தயக்காரியைப் பற்றி அவர்கள் ஏதோ இளப்பமாக நினைக்கிறார்கள் என்று மட்டும் பட்டது. அது எனக்குப் பொறுக்கவில்லை. போய்ச் சுவரோரமாக நின்று, முதல் படத்திலிருந்து ஆரம்பித்தேன்.

"இவர் சுருட்டுக்காரர். செயிச்சாத்தான் பத்த வைப்பாரு. ஒரு தடவ தோத்துட்டாரு, பசியோட போயிப் படுத்துட்டாரு."

"ஏ புள்ள, சும்மா இரு" என்றது ஆத்தா.

நான் சும்மா இருக்கிற பிறவி இல்லை, இன்றைக்கும் இல்லை. குள்ளரைச் சொன்னேன், தலகாணியைச் சொன்னேன். பங்காளிகளில் ஒருத்தர் வண்டி தீப்பிடித்ததையும், மற்றவர் ஜெயிக்கப் போகிற நேரத்தில் வண்டியை நிறுத்தி அவரை வெளியே இழுத்துப் போட்டதையும், அதற்குப் பிறகும் ரெண்டு பேரும் பேசிக்கொள்ளாததையும் சொன்னேன்.

"காப்பாத்தினப்புறமுமா பேசலை?" என்றார் பெண்ணோட அப்பா. நின்றுகொண்டுதான் கேட்டார்.

"பேசலை. பங்காளிகளாச்சே."

அவர் திரும்பவும் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் ஊரில் ஒரு பங்காளி இருந்திருப்பார் போல.

கடைசியாக அந்தப் பெண்ணைச் சொன்னேன். நல்ல மழை, ஆம்பிளைகள் எல்லாம் சறுக்கிச் சறுக்கி ஓரம் கட்டிவிட்டார்கள், இவள் மட்டும் போனாள். பாதியில் வண்டியின் மூடி பறந்து போய் எண்ணெயெல்லாம் முகத்தில் அடித்தது. அப்படியும் விடவில்லை. முதலாவதாக வந்து இறங்கினபோது முகம் முழுக்கக் கருப்பு, யாரென்று ஒருத்தருக்கும் அடையாளம் தெரியவில்லை. மாலையைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்குப் போடுவதென்று தேடினார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குடிக்க ஒரு சொம்பு நீச்சத்தண்ணி கேட்டாள்.

மாமா எனக்குச் சொன்னபோது அவள் கேட்டது தேத்தண்ணி, கொழும்புக்காரர்கள் டீயை அப்படித்தான் சொல்வார்கள். நான் தேத்தண்ணியைக் கண்ணால் பார்த்ததில்லை. வேலை செய்து களைத்தவர்கள் எங்கள் ஊரில் பழஞ்சோற்றுத் தண்ணியைத்தான் குடிப்பார்கள், அதைச் சொன்னேன்.

"வெள்ளைக்காரிக்கு நீச்சத்தண்ணி யாரு குடுத்தா?" என்று கேட்டுவிட்டுப் பெண்ணோட அப்பா சிரித்தார். சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியம்மா சிரிக்கவில்லை. படத்துக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தது.

"நெசமாவே இவ ஓட்டுனாளா?" என்று மாமாவைத்தான் கேட்டது.

மாமாவுக்கு அப்போதுதான் வாய் திறந்தது. "ஓட்டுனாங்க" என்றார். ஒரே சொல். பெரியம்மா 'இவ' என்று கேட்டதற்கு அவர் 'ங்க' போட்டு மரியாதையாகப் பதில் சொன்னார்.

"இந்தப் படத்தைக் குடுங்க. கொண்டு போறேன்" என்றது பெரியம்மா.

மாமா ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி, ஓரம் கிழியாமல், பொட்டுக் கலையாமல் படத்தை உரித்தார். புரட்டிப் பார்த்தால் பின்பக்கம் பொடி எழுத்தாக அச்சடித்து, நடுவில் பிஸ்கோத்து டப்பாப் படம் ஒன்று போட்டிருந்தது.

"எந்தச் சம்சாரத்துக்கு முதுகுல பிஸ்கோத்துப் படம் இருக்கு?" என்றார் என் ஐயா.

அதற்குப் பெரியம்மாவும் சிரித்துவிட்டது. பெண்ணோட அப்பா தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்தார். ஆத்தா உள்ளே போய் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

எல்லோருக்கும் சந்தோசம், எனக்கு மட்டும் அழுகை. சந்தேகம்தான் தீர்ந்துவிட்டதே, பிறகு எதற்கு எங்கள் படத்தைக் கொண்டு போக வேண்டும்? வாசல் வரைக்கும் போய்க் கேட்டேன். "திரும்பி வரும், போ" என்றது பெரியம்மா. படத்தை மடிக்காமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனது. சுவரில் அந்த இடம் வெள்ளையாக நின்றது. அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு அந்தக் குடும்பத்தின் மேல் ஆத்திரமாக வந்தது.

சம்மதம் என்று ஆள் வந்து சொன்னது நாலைந்து நாள் கழித்து. தை மாசம் பெண் வீட்டில் வைத்துக் கல்யாணம் நடந்தது. பஸ் முதலாளி கல்யாணத்துக்கு வண்டியைக் கொடுத்தார். டிரைவர்தான் கிடைக்கவில்லை. அந்த எஞ்சின் மாமாவுக்கு மட்டும்தான் கட்டுப்படும். அதனால் மாலையைக் கழற்றி ஜன்னலில் மாட்டிவிட்டு, பட்டு வேட்டியோடு மாப்பிள்ளையே ஓட்டிக்கொண்டு வந்தார்.

கண்மாய்க்கரை மேட்டில் வண்டி வழக்கம்போல் நின்றது. எல்லோரும் இறங்கினோம். பெண்ணை மட்டும் இறக்கக் கூடாது என்று உள்ளே உட்கார வைத்திருந்தார்கள். மாமா பின்னால் ஓடிப் போய்க் கரியைக் கிளறினார், காத்தாடியைச் சுற்றினார். மற்றவர்கள் தள்ளத் தயாராக நின்றார்கள். அப்போதுதான் ஒருத்தர், "ஸ்டீரிங்க யாரு பிடிக்கிறது?" என்று கேட்டார். ஒரு பக்கம் கண்மாய், ஒரு பக்கம் வயல்.

புதுப்பெண் எழுந்து முன்னால் வந்து மாமாவின் இடத்தில் உட்கார்ந்தது. கூறைச் சீலை, கழுத்தில் மாலை. ரெண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்தது.

"ஏண்டி, வழியில போறவுக என்ன நினைப்பாக" என்றது பெரியம்மா. ஆனால் இறங்கச் சொல்லவில்லை.

"நேராப் பிடிச்சா போதும்ங்க" என்று மாமா பின்னாலிருந்து சத்தம் போட்டார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

நாங்கள் தள்ளினோம். வண்டி ஆள் நடக்கிற வேகத்தில் மேடேறியது. நான் முன்பக்கம் ஓடி அண்ணாந்து பார்த்தேன். புதுப்பெண்ணின், இனி என் அத்தையின், கன்னத்தில் கரி பட்டிருந்தது. பல் தெரியச் சிரித்தது.

வீட்டுக்கு வந்ததும் விளக்கேற்றி, பாலும் பழமும் சாப்பிட்டு முடித்த பிறகு, அத்தை தன் பெட்டியைத் திறந்து அந்தப் படத்தை எடுத்தது. கொஞ்சமும் கசங்கவில்லை. என்னைக் கூப்பிட்டுக் கஞ்சித் தண்ணி கொண்டுவரச் சொல்லி, அந்த வெள்ளை இடத்தில் தானே ஒட்டியது. ஆத்தா வைத்த குங்குமம் அப்படியே இருந்தது.

சொன்ன சொல் தவறாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்களே, நல்ல சனங்கள்தான் என்று நினைத்துக்கொண்டேன். என் கணக்கு அன்றைக்கு அதோடு முடிந்தது. ஸ்டீரிங் பிடித்ததும் கல்யாணச் சடங்கில் ஒன்று என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

என் மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுதான் அத்தை அதைச் சொன்னது. பெரியம்மா அன்றைக்குப் படத்தைக் கொண்டு போய் அத்தை கையில் கொடுத்து, "இதச் செவத்துல ஒட்டி வச்சிருக்கவன். இந்தப் பொம்பளைய அவங்கங்கிறான். போறியாத்தா?" என்று கேட்டதாம். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் பெண்ணிடம் சம்மதம் கேட்கிற வழக்கமே கிடையாது. என்னிடமும் கேட்கவில்லை. அத்தையிடம் கேட்டிருக்கிறார்கள். அது நாலு நாள் படத்தை வைத்துப் பார்த்துவிட்டு, போறேன் என்று சொல்லியிருக்கிறது.

அதைக் கேட்ட அன்றைக்குச் சாயங்காலமே நான் என் மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அடுத்த மகளுக்குப் பார்த்தபோது அவளிடமும் கேட்டேன். பேத்தி, உன் அத்தைமார்களிடம் போய் விசாரித்துக்கொள்.

எழுதி முடித்துவிட்டேன். இந்தா சாமி, வந்து உட்கார்ந்து சத்தமாக வாசி. நீச்சத்தண்ணி இடத்தில் தேத்தண்ணி என்று திருத்தி வாசிக்காதே. மேட்டில் வண்டி நின்ற இடம் வந்தால் மட்டும் கொஞ்சம் மெதுவாகப் போ.