பனியில் விழுந்ததாகச் சொன்னவர்

மானின் பின்னங்கால்களில் கொக்கி மாட்டி, காரேஜ் உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். ரெய்னோ தோலை உரித்தார். மகள் கிறிஸ்டா முன்னங்காலை ரம்பத்தால் அறுத்தாள். நவம்பர் குளிரில், சொட்டிய இரத்தம் சிமெண்டுத் தரையிலேயே உறைந்தது. அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

"அழுத்தாதே, எஞ்சினியரம்மா. ரம்பம் தானா இறங்கும்."

"உங்க கண்ணு என்னப்பா இப்படி வீங்கியிருக்கு?"

"பனியில வழுக்கிட்டேன்."

"ஆகஸ்டுல விலா எலும்பு ஒடிஞ்சுதே. அப்ப ஏது பனி?"

"அது படகுத்துறைப் பாசி. பேசாம அறு."

வீட்டுக்குள்ளிருந்து காரேஜுக்கு வரும் கதவு படாரென்று திறந்தது. அம்மா எல்மா இரவு உடையோடு நின்றாள். கையில் அடுப்பு கிளறும் இரும்புக் கம்பி.

"திருட்டுப் பயலே! என் வீட்டுக்குள்ள என்னடா வெட்டுறே? என் புருஷன் வந்தா உன் எலும்பை எண்ணிருவான்!"

முதல் அடி ரெய்னோவின் தோளில் விழுந்தது. இரண்டாவது காதுக்கு மேலே. அவர் கத்தியைக் கீழே போட்டு எட்டத்துக்கு உதைத்துத் தள்ளினார். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். மூன்றாவது அடிக்கும் அசையவில்லை. கிறிஸ்டா ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்தாள். அம்மா அவள் மணிக்கட்டில் பல்லைப் பதித்தாள். இரத்தம் வந்தபிறகும் விடவில்லை.

"எல்மா," என்றார் ரெய்னோ, காதிலிருந்து வழிந்ததைத் துடைக்காமல். "காபி போடட்டுமா?"

எல்மா வாயைத் திறந்தாள். "பால் ஊத்தாதீங்க," என்றாள்.

அடிதடி ரெய்னோவுக்குப் புதிது அல்ல. அந்த இரும்புச் சுரங்க ஊரில் அவரைச் சம்மட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். இருபது வயதில் ஊர் ஐஸ் ஹாக்கி அணியில் அவரைச் சேர்த்ததே கோலடிக்க அல்ல, ஆளடிக்க. மூக்கு மூன்று முறை உடைந்தது. அவர் உடைத்த மூக்குகளுக்குக் கணக்கில்லை. வேலைநிறுத்தத்தின்போது கூட்டத்தைப் பிளந்து வேலைக்குப் போகப் பார்த்த ஒருவனை லாரியிலிருந்து இழுத்துத் தாடையைப் பெயர்த்தார். அந்த ஆள் ஆறு வாரம் குழாய் வழியாகக் குடித்தான். அதைப் பற்றி ரெய்னோ பெருமையும் பட்டதில்லை, வருத்தமும் பட்டதில்லை. வீட்டில் மட்டும் அந்தக் கை ஒருநாளும் ஓங்கவில்லை. எல்மாவுக்கு நினைவு பிசகத் தொடங்கி, அவள் அடிக்கத் தொடங்கியபிறகும்கூட.

கிறிஸ்டாவின் மணிக்கட்டைச் சமையலறைக் குழாயடியில் அவரே கழுவினார். தண்ணீர் சிவந்து ஓடியது. எல்மா மேசையில் உட்கார்ந்து காபியைச் சத்தமாக உறிஞ்சினாள்.

"அந்தக் காப்பீடு விஷயம் என்னாச்சு?" என்றாள் கிறிஸ்டா.

வசந்தகாலத்திலிருந்தே அவள் கேட்டுவந்தது அது. வயதான காலத்தில் படுத்துவிட்டால், குளிப்பாட்டவும் ஊட்டவும் ஆள் வைக்கப் பணம் தரும் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு. எல்மாவுக்கு இனி எவனும் தரமாட்டான், வியாதி வந்தாயிற்று. அறுபத்தாறு வயது ரெய்னோவுக்கு இன்னும் கிடைக்கும். சுரங்கத்து மோட்டார்களின் அதிர்வை அளந்து, எது எப்போது உடையும் என்று சொல்வது கிறிஸ்டாவின் தொழில். அப்பாவுக்கும் அப்படித்தான் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தாள்.

அப்போது அவர் மசியவில்லை. "தூக்கத்துல செத்துட்டா கட்டினது அவ்வளவும் கம்பெனிக்காரனுக்கு. அதுக்கு ஒரு புது பனிவண்டி வாங்கி உறைஞ்ச ஏரி மேல ஓட்டலாம்," என்றார்.

"ஓட்டிக் கவிழ்ந்து இடுப்பு ஒடிஞ்சா?"

"ஏரியிலேயே விட்டுரு. மீனுக்காவது ஆகும்."

இப்போது அவர் துண்டை எடுத்து அவள் கையைச் சுற்றினார். "செப்டம்பர்ல டுவேன்கிட்ட எழுதிக் கொடுத்தேன்," என்றார். டுவேன் காப்பீட்டு முகவர். ரெய்னோவோடு வேட்டைக்குப் போகிறவர்.

"என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"சொல்ற மாதிரி ஒண்ணும் நடக்கல. மாட்டேன்னுட்டான்."

"ஏன்?"

"ரெண்டு வருஷத்துல அஞ்சு தடவை விழுந்த ஆளாம். டாக்டர் எழுதி வெச்சிருக்கார். விழுந்துக்கிட்டே இருக்கிறவன் சீக்கிரம் படுத்துருவானாம்."

கிறிஸ்டாவுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. அந்த ஊரில் யாருக்கு என்ன அடிபட்டாலும் பனியில் விழுந்தேன் என்றால் போதும். அடுத்த கேள்வி வராது. புருஷன் அடித்த பெண்கள் சொல்வார்கள், சாராயக்கடையில் அடி வாங்கியவர்கள் சொல்வார்கள். ரெய்னோவும் டாக்டரிடம் அதையே சொன்னார். டாக்டர் அதையே எழுதினார்.

"நீங்க ஒரு தடவைகூட விழலைன்னு சொல்லுங்கப்பா. அம்மா அடிச்சான்னு சொல்லுங்க."

"டுவேனும் அதைத்தான் சொன்னான். டாக்டர் திருத்தி எழுதினா மறுபடி பார்ப்பாங்களாம்."

"அப்புறம் என்ன?"

"அப்புறம் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருவாங்க. கையைக் கட்டிப் போடுவாங்க." அவர் குரல் இறங்கியது. "சம்மட்டியைப் பொண்டாட்டி போட்டு வெளுக்கிறாள்னு ஊரே சிரிக்கும். அதைக்கூடத் தாங்கிக்குவேன்."

"நீங்க படுத்துட்டா உங்க ரெண்டு பேரையும் யார் பார்க்கிறது? நான்தானே? இந்த அடியெல்லாம் யாருக்கு விழும்?"

அவர் துண்டில் சிவப்பு ஊறிப் பரவுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சுவரிலிருந்த தொலைபேசியை எடுத்தார்.

"ரெய்னோ சல்மேலா பேசறேன். டாக்டரைப் பார்க்கணும். இல்லம்மா, விழல. விழாததைப் பத்திப் பேசணும்." கொஞ்சம் கேட்டுவிட்டு, "சரி, வியாழக்கிழமை," என்று வைத்தார்.

செவ்வாய்க்கிழமை கிறிஸ்டா வந்தபோது அவர் நிலவறைப் படிக்கட்டின் அடியில் கிடந்தார். கழுத்து திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. மேல்படியில் எல்மா உட்கார்ந்திருந்தாள். நகங்களில் தோலும் இரத்தமும். மூடிய கைக்குள் அவருடைய கம்பளிச் சட்டையின் காலர், கிழிந்து தனியாக வந்திருந்தது.

"திருடன் போயிட்டான்," என்றாள் மகளிடம். "ரெய்னோ வந்ததும் சொல்லணும்."

ஷெரீஃப் அலுவலகத்திலிருந்து வந்த போலீஸ்காரன் ரெய்னோவோடு சுரங்கத்தில் வேலை பார்த்தவரின் மகன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"அடிக்கடி விழுவாராமே, கிறிஸ்டா? மருத்துவமனையில சொன்னாங்க. அப்படியே எழுதிக்கட்டுமா? யாருக்கும் சிரமம் இருக்காது."

கிறிஸ்டா அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். எல்மா காறி அவள் முகத்தில் துப்பினாள். கிறிஸ்டா துடைத்துக்கொண்டு, காலரை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"எங்கப்பா விழுகிற ஆள் இல்லை," என்றாள். "ஒரு தடவைகூட விழுந்ததில்லை."

அன்று மாலையே எல்மாவைக் கொண்டுபோனார்கள். இரண்டு பேர் பிடித்தும் போதவில்லை. ஒருவனுக்கு உதடு கிழிந்தது. வண்டிக்குள் பட்டை போட்டுக் கைகளைக் கட்டினார்கள்.

வியாழக்கிழமை மதியம் தொலைபேசி அடித்தது. டாக்டர் அலுவலகத்துப் பெண்.

"ரெய்னோ கிளம்பிட்டாரா? டாக்டர் காத்திருக்கார். ஏதோ விழாததைப் பத்திப் பேசணும்னு சொன்னாரே."